கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் சேரலாமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று சிறுகதைகள் எழுதி யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள். சென்னையிலிருந்து இயங்கலையில் (இணையவழியில்) மூன்று மாதம் நடக்கும் படைப்பிலக்கியப் பயிற்சி ஒன்றுக்கு 800 ரிங்கிட் கேட்கிறார்கள். அதில் சேர்ந்தால் பயன் உண்டா என்பது உங்கள் கேள்வி. "எழுத்தெல்லாம் பிறவியிலேயே வர வேண்டியது, காசு கொடுத்து வாங்க முடியாது" என்று உங்கள் அண்ணன் சொல்வதையும் கடிதத்தின் இறுதியில் சேர்த்திருக்கிறீர்கள். ஆகவே இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எழுத்தைக் கற்றுத்தர முடியுமா என்பது ஒன்று. உங்கள் சம்பளத்தில், உங்கள் ஊரில் இருந்துகொண்டு, இந்த ஒரு வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு "ஆம்" என்று பதில் கிடைத்தாலும் இரண்டாவதற்கு "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறது. பலரும் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நான் இதே வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதித்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளாகச் சுங்கைப்பட்டாணியில் சனிக்கிழமைகளில் கட்டணம் வாங்காமல் ஒரு சிறுகதைப் பயிற்சி நடத்தி வருகிறேன்; உள்ளூர்ப் போட்டிகளுக்கு வரும் கதைகளை நடுவராக இருந்தும் படித்திருக்கிறேன். வகுப்பு நடத்துகிறவர் வகுப்புக்குச் சாதகமாகத்தான் பேசுவார் என்று நீங்கள் எண்ணினால் அது நியாயமே. அதனால்தான் நான் கண்ணால் கண்டு உறுதிப்பட்டதையும், இப்படி இருக்கலாம் என்று கருதுவதையும் தனித்தனியே சொல்ல முயல்கிறேன். நான் சொல்லப்போவது சிறுகதையைப் பற்றி மட்டுமே. கவிதைக்கும் மேடை நாடகத்துக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பின் மதிப்பு, ஆசிரியர் அங்கே என்ன பேசுகிறார் என்பதில் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததை யாராவது வரி வரியாகப் படிக்கிறார்களா, படித்த பிறகு அதே கதையை மறுபடியும் எழுத வைக்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது. அது நடக்கிற வகுப்பு 800 ரிங்கிட்டுக்குத் தகும். அது நடக்காத வகுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் உங்கள் மாலை நேரங்கள் வீண்தான்.

இது நான் கண்டுபிடித்த கருத்து அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்திலேயே இதற்கான கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் முழுமையாக வாங்கிக்கொண்டாலும், "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்" என்கிறார். அதாவது கல்வியில் கால் பங்குதான் அவன் கைக்கு வருகிறது. உடன் பயில்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். இலக்கணம் கற்பவனுக்காகச் சொல்லப்பட்ட அந்தப் பங்கீடு, கதை எழுதிப் பழகுகிறவர்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மற்றவர் கதையில் எங்கே தடுக்குகிறது, ஏன் தடுக்குகிறது என்று வாய்விட்டு விளக்கப் பழகிய ஒருவர், சில மாதங்களில் தம் சொந்தக் கதையிலும் அந்த இடத்தைத் தாமே கண்டுகொள்கிறார். வெறுமனே உரை கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனவர்களிடம் அந்த மாற்றத்தை நான் கண்டதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொன்னால் இது தெளிவாகும். எங்கள் வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாயார் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். அவர் கொண்டுவந்த முதல் கதை இப்படித் தொடங்கியது: "ஆதவன் தன் பொற்கரங்களை விரித்துக் கீழ்வானில் உதயமானான். பறவைகள் இன்னிசை பாடின. மாரியம்மா வேலைக்குப் புறப்பட்டாள்." நான் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மையார், தாமும் மரம் வெட்டியவர், "தம்பி, சூரியனைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அவள் பெரட்டுக்கே போய்ச் சேர மாட்டாளே" என்றார். பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். விடியலுக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். இது அந்த இளைஞருக்குத் தெரியாத செய்தியா? நாள்தோறும் இருட்டில் தாய் கிளம்புவதைப் பாயில் படுத்தபடி பார்த்து வளர்ந்தவர் அவர். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தவுடன் பார்த்தது மறைந்து, பள்ளியில் எழுதிப் பழகிய கட்டுரை முன்னால் வந்து நின்றுவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அதே கதையை அவர் வேறு விதமாகக் கொண்டுவந்தார். மாரியம்மா நெற்றி விளக்கைத் தட்டிப் பார்க்கிறாள். இரண்டாவது தட்டில்தான் அது எரிகிறது. வெளிச்சம் உறங்கும் மகனின் முகத்தில் விழ, சட்டென்று தலையைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு கொசுவத்தியைப் பற்றவைத்துத் தகர டப்பாவுக்குள் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். பொற்கரங்களும் இல்லை, இன்னிசையும் இல்லை. அந்தத் தலையைத் திருப்பும் செயலில் தாயின் பாசம் முழுவதும் வந்துவிட்டது; பாசம் என்ற சொல்லை அவர் எழுதவே இல்லை. இதை நான் கற்றுத்தந்தேன் என்று சொல்ல முடியாது. அந்த அம்மையாரின் ஒரு வாக்கியமும், மறுபடியும் எழுதியே ஆக வேண்டும் என்ற எங்கள் வகுப்பின் நிபந்தனையும் செய்த வேலை அது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் அந்த இளைஞர் ஆதவனோடு அடுத்த கதைக்குப் போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நாம் எல்லாரும் தேர்வுக் கட்டுரையில் வளர்ந்தவர்கள். ஒரு திருக்குறள், ஒரு பழமொழி, இரண்டு மரபுத்தொடர், ஓர் உவமைத்தொடர், முடிந்தால் ஓர் இரட்டைக்கிளவி என்று மொழியணிகளைக் கோத்துக் கொடுத்தால் புள்ளி ஏறும் என்று சின்ன வயதிலேயே மனத்தில் பதிந்துவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழக்கம் நீங்கவில்லை. பள்ளியை நான் குறை கூற வரவில்லை. நானும் அந்த மொழியணிகளைப் போதித்தவன்தான், மொழியை மறந்துவிடாமல் வைத்திருக்க அவை உதவுகின்றன என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் கதைக்குள் அவை வந்து உட்கார்ந்துகொண்டால், எழுதுகிறவர் தம் கண்ணால் கண்டதற்கு இடமில்லாமல் போய்விடுகிறது. ஆகவே நம்மவர்களுக்கு ஒரு நல்ல வகுப்பு செய்யும் முதல் உதவி, எதையும் புதிதாகக் கற்பிப்பது அன்று. கையில் ஊறிப்போனதைக் கழற்றிவிடுவது. 1899இல் ரஷ்ய எழுத்தாளர் செக்காவ், தம்மினும் இளைய எழுத்தாளரான கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில் இதையேதான் சொன்னார்: அடைமொழிகளை அடித்துவிடுங்கள், ஒரு மனிதன் புல்லில் உட்கார்ந்தான் என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே விளங்குகிறது என்றார். அதுவும் ஒரு வகுப்புதான். ஒரே ஒரு மாணவருக்கு அஞ்சலில் நடந்த வகுப்பு.

இனி, கற்றுத்தர முடியும் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. கதையை எந்த இடத்தில் தொடங்குவது என்பதைக் கற்றுத்தரலாம். பெரும்பாலான முதற்படிகளில் முதல் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டால் கதை தானாக நிமிர்ந்துகொள்ளும். யாருடைய கண் வழியாகக் கதை நடக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, நடுவில் தாவாமல் இருக்கக் கற்றுத்தரலாம். எதை நேரில் காட்டுவது, எதை இரண்டு வரியில் சொல்லிக் கடப்பது என்ற தேர்வைப் பழக்கலாம். உரையாடலை, பேசுகிறவரின் வயதும் ஊரும் தொழிலும் தெரிய எழுதப் பழக்கலாம். கடைசிப் பத்தியில் மகன் திருந்திவிட்டான், ஊரே கண்ணீர் விட்டது என்று முடிக்கும் வழக்கத்தை நிறுத்தச் செய்யலாம். இவையெல்லாம் கைத்தொழில் சார்ந்தவை. நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் சில மாதங்களில் வந்துவிடும். தனியாகத் தடவிக் கண்டுபிடிப்பதென்றால் ஆண்டுகள் பிடிக்கும். வகுப்பு மிச்சப்படுத்தித் தருவது அந்த ஆண்டுகளைத்தான்.

கற்றுத்தர முடியாதவையும் உண்டு. எதைப் பார்த்தால் உங்கள் மனம் நின்றுபோகிறது, எதை எழுதாமல் உங்களால் உறங்க முடியவில்லை என்பதை எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாது. நான்கு கதைகள் திரும்பி வந்த பிறகு ஐந்தாவதை எழுத உட்காரும் பிடிவாதத்தையும் கொடுக்க முடியாது. உங்கள் அண்ணன் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். ஆனால் அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. நாதஸ்வரம் வாசிப்பவரிடமோ சிலம்பம் சுற்றுகிறவரிடமோ போய், பிறவியில் வந்தால் போதும், வாத்தியார் தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. எழுத்துக்கு மட்டும் அப்படிச் சொல்கிறோம். எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதால், கதை எழுதுவதற்குத் தனியாக ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இவ்வகை வகுப்புகள் உண்மையிலேயே எழுத்தாளர்களை உருவாக்குகின்றனவா என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் இரண்டு இடங்களைச் சொல்வார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை ஒன்று. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970இல் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் தொடங்கிய முதுகலைப் படிப்பு மற்றொன்று. ஈஸ்ட் ஆங்கிலியாவில் முதல் மாணவராகச் சேர்ந்தவர், பின்னாளில் பெயர் பெற்ற நாவலாசிரியர் இயன் மெக்யூவன். 1980இல் படித்து முடித்த கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பரிசு பெற்றார். கேட்பதற்கு இது வகுப்புகளின் பெரிய வெற்றியாகத் தோன்றும். ஆனால் அந்த இடங்களில் சேருவதற்கே எழுதியதை அனுப்பித் தேர்வாக வேண்டும். ஏற்கெனவே நன்றாக எழுதக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவர்கள் பிறகு பெயர் பெற்றதும் அது வகுப்பின் பயன் என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அந்த வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தாலும் அவர்கள் எழுத்தாளர்கள் ஆகியிருக்கக்கூடும். கொஞ்சம் முன்னதாக ஆனார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். விளம்பரத்தில் "எங்களிடம் பயின்றவர்கள் நூல் வெளியிட்டிருக்கிறார்கள்" என்று படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அயோவாவையும் இஷிகுரோவையும் விட எனக்கு உதவியாக இருக்கும் எடுத்துக்காட்டு அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வருடையது. மர அறுவை ஆலைத் தொழிலாளியின் மகன். இருபது வயதுக்குள் திருமணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். கலிபோர்னியாவில் சிக்கோ என்னும் ஊரின் கல்லூரியில் 1950களின் இறுதியில் ஜான் கார்ட்னரிடம் எழுத்து வகுப்பில் சேர்ந்தார். கார்ட்னரும் அப்போது பெயர் தெரியாத இளம் ஆசிரியர்தான். அவர் மாணவரின் பிரதியைச் சொல் சொல்லாகப் பார்த்து, எது தேவையில்லை என்று அடித்துக் காட்டுவார்; வீட்டில் எழுத இடமில்லை என்று தெரிந்ததும் தம் அலுவலக அறையின் சாவியையே கொடுத்துவிட்டார். பெரிய பல்கலைக்கழகமோ பெரிய பெயரோ அதில் இல்லை. பிரதியின் ஓரத்தில் எழுதும் ஒரு பேனாவும், சனி ஞாயிறுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறையும் இருந்தன. நீங்கள் தேட வேண்டியது அப்படிப்பட்ட ஒருவரை.

இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளேட்டில், 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்ற பெயரிலேயே பயிற்சி நடத்தினார்கள். இந்நாட்டின் சிறுகதை வரலாற்றைப் பேசுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிச் செல்வதில்லை. பின்னாளில் அறியப்பட்ட எழுத்தாளர்கள் பலர் அதில் பங்கெடுத்தவர்கள். தொலைபேசிகூட எல்லா இடத்திலும் இல்லாத காலத்தில், தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இருந்தவர்கள் ஒரு நாளேட்டின் வழியாகக் கதை எழுதக் கற்றார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அதே ஐம்பதுகளில் தமிழகத்திலிருந்து வந்து தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இங்குள்ள இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசியதும் அவர்களுக்குப் பெரிய பயிற்சியாக அமைந்தது. நாம் இன்று இயங்கலை வகுப்பு என்று வியப்பதை, தபால்தலை ஒட்டிய உறையில் நம் முன்னோர் செய்து காட்டிவிட்டார்கள்.

கு. அழகிரிசாமியைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கரிசல் கிராமம். அதே ஊரில், ஏறக்குறைய அதே வயதில் பிறந்த நண்பர்தான் கி. ராஜநாராயணன். ஒருவருக்கு 1970இலும் மற்றவருக்கு 1991இலும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அந்தச் சின்ன ஊரில் எந்த எழுத்துப் பயிற்சி வகுப்பும் நடக்கவில்லை. ஆனால் படித்ததைப் பேச, எழுதியதைக் காட்ட ஒருவருக்கு ஒருவர் இருந்தார்கள். ஊரை விட்டுப் பிரிந்த பிறகு கடிதம் எழுதிக்கொண்டார்கள். வகுப்புக்குப் போகாமலே பெரிய எழுத்தாளர் ஆனவர்களைப் பட்டியல் போட்டு வகுப்பே தேவையில்லை என்று வாதிடுகிறவர்கள், அவர்களுக்கு அருகில் யார் இருந்தார்கள் என்று பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஜெயகாந்தனுக்குச் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமே பள்ளிக்கூடமாக இருந்தது. நான் அறிந்த வரையில் யாருடைய துணையும் இல்லாமல் தனியே முளைத்தவர்கள் மிகக் குறைவு.

வகுப்புக்குப் போனால் எல்லாரும் ஒரே அச்சில் எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கும் இருக்கலாம். இது ஓரளவு மெய்தான் என்று கருதுகிறேன். உறுதியாகச் சொல்ல மாட்டேன். நடுவராக இருந்தபோது ஒரே மாதிரியான கதைகள் கட்டுக்கட்டாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவை வகுப்பில் படித்தவர்களுடையவை அல்ல, சென்ற ஆண்டு பரிசு பெற்ற கதையைப் படித்துவிட்டு எழுதியவர்களுடையவை. ஆகவே அச்சு வார்ப்பது பெரும்பாலும் பரிசின் ஆசை என்றே தோன்றுகிறது. வகுப்பினால் வரக்கூடிய ஆபத்து வேறொன்று. தமிழகத்து ஆசிரியர் ஒருவர் நம் தோட்டத்துப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதைக் கவனியுங்கள். மங்கு (பால் வடியும் கிண்ணம்), பெரட்டு, பசார் (சந்தை), கம்போங் (மலாய்க் கிராமம்) என்று நம் கதைமாந்தர் பேசுவதைப் புரியவில்லை என்று சொல்லி மாற்றச் சொல்கிறாரா, அல்லது புரியாத இடத்தில் சூழலை இன்னும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்கிறாரா? இரண்டாவது வகை ஆசிரியரிடம் நீங்கள் நிறையக் கற்கலாம். வெளியூர்க் கண் ஒன்று படிப்பது நம் எழுத்துக்கு நல்லது. முதல் வகை ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் உங்கள் கதையிலிருந்து உங்கள் ஊரை எடுத்துவிடுவார்.

இப்போது பணத்தைப் பற்றி. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதை ஒட்டிய வருமானத்தில் 800 ரிங்கிட் என்பது ஏறக்குறைய அரை மாதச் சம்பளம். அதை யாரும் சின்னத் தொகை என்று சொல்ல முடியாது. கடன் வாங்கியோ, தங்க நகையை அடகு வைத்தோ, வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கை வைத்தோ இதில் சேர வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். எழுத்துப் பயிற்சிக்கு அவசரம் இல்லை. அடுத்த ஆண்டும் வகுப்பு நடக்கும். சேமிப்பில் இருந்து கட்டக்கூடிய நிலை இருந்தால், முதலில் நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் உங்கள் கதையைப் படிக்க நேரம் இருக்கும். நூறு பேர் என்றால் அது சொற்பொழிவு, சொற்பொழிவுகள் யூடியூப்பில் கட்டணம் இல்லாமலே கிடைக்கின்றன. மூன்று மாதத்தில் என் கதைகள் எத்தனை முறை படிக்கப்படும், கருத்துகள் எழுத்தில் வருமா, திருத்தி எழுதியதை மறுபடியும் பார்ப்பார்களா? பாடம் நடத்துகிறவரின் கதைகள் இரண்டையாவது தேடிப் படித்துவிடுங்கள். அந்தக் கதைகள் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவருடைய திருத்தமும் பிடிக்காது. சான்றிதழ் தருவோம், நூலாக வெளியிட்டுத் தருவோம் என்பதை முதன்மையாகச் சொல்லும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். எந்த இதழாசிரியரும் சான்றிதழைப் பார்த்துக் கதையை ஏற்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு தொகுப்பில் சேர்க்கப்படும் கதையை யாரும் திருத்துவதும் இல்லை.

வகுப்புக்குப் போகும் நேரமும் முக்கியம். எதையும் எழுதாமல், எழுதுவது எப்படி என்று கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சொல்லப்படும் கருத்துகளைப் பொருத்திப் பார்க்க அவர்களிடம் சொந்தமாக ஒரு பக்கம்கூட இல்லை. உங்களிடம் மூன்று கதைகள் இருக்கின்றன. அதனால் நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். படிக்காதவர்களுக்கும் வகுப்பினால் பயன் இல்லை. உங்கள் ஊரில் தமிழ்ப் புத்தகக் கடை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் புதுமைப்பித்தனின் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கதையை இரண்டு முறை படித்துவிட்டு, அது எந்த இடத்தில் தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என் வகுப்பில் முதல் ஒரு மாதம் நாங்கள் செய்வது இந்த ஒன்றைத்தான்.

பணம் கட்ட முடியாவிட்டால், அல்லது நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் சரியான பதில் சொல்லாவிட்டால், உங்கள் ஊரிலேயே ஒரு சிறு குழுவை உண்டாக்கிக்கொள்ளலாம். நான்கு பேர் போதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், படிவம் ஆறு படிக்கும் மாணவி ஒருவர், ஞாயிறு மலரை விடாமல் படிக்கும் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நீங்கள். இப்படி வயதும் தொழிலும் கலந்து இருப்பது நல்லது. கோயில் மண்டபத்திலோ பள்ளியின் ஒரு வகுப்பறையிலோ மாதம் இருமுறை கூடுங்கள். கதையை முன்கூட்டியே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பிவிடலாம். ஆனால் கருத்தைப் புலனத்தில் சொல்ல வேண்டாம், அங்கே கட்டைவிரலும் கைகூப்பும்தான் வரும். நேரில் கூடும்போது கதையை வேறொருவர் வாய்விட்டுப் படிக்கட்டும், எழுதியவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நாக்கு இடறும் இடம் எழுதியவரின் காதுக்கே கேட்டுவிடும். பிறகு ஒவ்வொருவரும் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, எங்கே கவனம் சிதறியது, எங்கே நம்ப முடியவில்லை, எதைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். எழுதியவர் தற்காப்புப் பேசக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குப் புதிய கதை கொண்டுவரக் கூடாது. அதே கதையைத் திருத்திக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு விதியைக் கைவிட்ட குழுக்கள் சில மாதங்களில் பாராட்டுக் கூட்டங்களாக மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் முகத்தைப் பார்த்துக் குறை சொல்லத் தயங்குவது நம் பண்பில் ஊறியது. உறவும் அண்டை வீடும் கலந்த ஒரு தோட்டத்து ஊரில் அந்தத் தயக்கம் இன்னும் அதிகம். இந்த ஒரு வகையில் முன்பின் அறியாதவர்கள் இருக்கும் கட்டண வகுப்புக்கு நன்மை கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. மூன்று கதைகளில் எது உங்களுக்கே உறுத்திக்கொண்டிருக்கிறதோ, எங்கோ சரியாக வரவில்லை என்று தோன்றுகிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த கதையை அனுப்பினால் பாராட்டுத்தான் வேண்டியிருக்கும். உறுத்தும் கதையை அனுப்பினால் உதவி தேவைப்படும். அதன் முதல் இரண்டு பக்கங்களை அந்தப் பயிற்சி ஆசிரியருக்கு அனுப்பி, சேருவதற்கு முன் இதைப் படித்துக் கருத்துச் சொல்ல இயலுமா என்று பணிவாகக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள், உங்கள் வரிகளைச் சுட்டிக்காட்டி நான்கு வரி பதில் வந்தால் பணத்தைக் கட்டுங்கள். கட்டண விவரமும் வங்கிக் கணக்கு எண்ணும் மட்டுமே திரும்பி வந்தால், அந்த 800 ரிங்கிட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகலில் சுங்கைப்பட்டாணிக்கு வாருங்கள். கதையின் ஐந்து படிகளை நகலெடுத்துக்கொண்டு வாருங்கள்.